குடவோலையும் விரிந்த கையும்

ஓர் ஊரவர் தம்முள் தகுதியுடையார் சிலரைத் தெரிந்து, ஊர்க்காரியங்களை அவர்பால் ஒப்புவித்து வாழ்தல் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. அங்ஙனம் தெரிந்தெடுக்கப்படுவாருடைய தகுதியைப் பற்றி நூல்களும் சாசனங்களும் பலபடக் கூறும். அவற்றை எடுத்துரைப்பாரும் பலர். தெரிந்தெடுத்தலை நடத்துகின்றவருடைய ஒழுக்கத்தைப் பற்றி முன்னோர் கொண்ட கருத்து யாதென ஆராய்ந்தார் சிலரே. ஓலையை எடுப்பவன் கை, எடுத்ததைப் படிப்பவன் வாய், படித்ததை எழுதுபவன் எழுத்தாணி ஆகிய மூன்றும் பிழைபடுமாயின், நிற்பவர் எத்துணைத் தகுதியுடையராயினும் பயனில்லையன்றோ? ஆதலின் அப்பொருளை ஈண்டு ஆராய்தல் தகும்.

பத்மகிரி என்னும் பாறைமலையின் அடியில் அபிராமியம்மையொடு பெருமான் எழுந்தருளியிருக்கும் திண்டுக்கல், 1866-ஆம் ஆண்டிலேயே நகராட்சி அமையப்பெற்ற ஊராகும். 2014-ஆம் ஆண்டில் அது மாநகராட்சியாக உயர்ந்தது. நெசவுத்தொழில் செய்வார் மிக வாழும் நாகல் நகர் அதன்கண் அடங்கிய பகுதிகளுள் ஒன்று. 48 வார்டுகளையுடைய அம்மாநகராட்சிக்கு 19-2-2022 அன்று வாக்குப்பதிவு நடந்து, 22-2-2022 அன்று எண்ணிக்கை நிகழ்ந்தது. அதற்கு முன்னர், அம்மாவட்டத்துச் சிற்றூர்களில் 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27, 30 ஆகிய நாட்களில் வாக்குச்சீட்டு முறையால் தேர்தல் நடைபெற்றது. 2-1-2020 அன்று பெட்டிகள் திறக்கப்பெற்றன. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என நால்வர்க்கும் நான்கு நிறச் சீட்டுகள். அவற்றை நிறம் பிரித்து, ஐயமுள்ள சீட்டை வேட்பாளரின் முகவர்க்குக் காட்டி, எண்ணி, எழுதி, ஒப்பமிடும் பொறுப்பு முழுவதும் அலுவலர்பாலது. ஊரவர் பல நாள் சிந்தித்து இட்ட வாக்கு, இறுதியில் சிலருடைய விரல்களின் இடையே செல்கின்றது. அவ்விரல்கள் நேரியவாதற்கு யாது செய்வது என்பதே வினா. இவ்வினாவை நம் முன்னோரும் வினவினர். விடையும் கண்டு, கல்லில் வெட்டி வைத்தனர்.

இதன் தொன்மையைச் சங்கச் செய்யுளிலேயே காணலாம். அகநானூற்றில் மருதன் இளநாகனார் பாடிய 77-ஆம் பாட்டுப் பாலைத்திணைக்கு உரியது. அதன்கண் ஓர் உவமை வருகின்றது. வீழ்ந்துபட்டாருடைய குடரைப் பருந்துகள் பற்றி ஈர்க்கும் கொடிய காட்சிக்கு, கயிற்றால் பிணிக்கப்பட்ட குடத்தினின்றும் ஆவணமாக்கள் ஓலையை வெளிக்கொள்ளும் செயல் உவமையாயிற்று. அவ்வாவணமாக்கள் குடத்தைக் கண்டவுடன் திறந்தாரல்லர். மேலிட்ட இலச்சினையை முதற்கண் நோக்கினர். நோக்கிய பின்னரே அதனை அழித்தனர். அக்குடம் ஊர்த்தேர்தலுக்குரியதோ, ஆவணங்களைக் காத்து வைத்தற்குரியதோ என அறிஞர் கருத்து வேறுபடுதல் கூடும். எதுவாயினும், குடத்துக்குக் கயிறும், கயிற்றுக்கு இலச்சினையும், இலச்சினையைச் சோதித்த பின்னரே திறத்தல் என்னும் முறையும் அக்காலத்தே நிலைபெற்றிருந்தன என்பது தெளிவு. புலவர் ஒருவர் உவமையாக எடுத்தாளும் அளவுக்கு அது யாவரும் அறிந்த காட்சியாகவும் இருந்தது.

பாண்டிநாட்டுச் சாசனங்களுள் திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள மானூர்ச் சாசனம் இப்பொருள் பற்றிக் குறிக்கத்தக்கது. மாறஞ்சடையன் என்னும் பாண்டியனுடைய 35-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அது, ஏறக்குறைய கி.பி. 800-ஐச் சார்ந்தது. சபையில் இருத்தற்குரியார் கல்வியும் நல்லொழுக்கமும் உடையராதல் வேண்டும் என்று விதித்ததனோடு அஃது அமையவில்லை. சபையில் எடுத்த காரியம் ஒவ்வொன்றனுக்கும் ‘அன்று’ என்று மறுத்துக் குலைப்பாருக்கும், அவர்க்குத் துணைநிற்பாருக்கும் ஐந்து காசு தண்டம் விதித்தது. உள்ளே புகுவார் தகுதியைப் போலவே, புகுந்தபின் அவர் நடக்கும் நடையும் விதிக்கு உட்பட்டது என்னும் கருத்து ஈண்டு முளைத்தெழுதல் காண்க.

இக்கருத்து முற்றி விளங்கும் இடம் தொண்டைநாட்டு உத்தரமேரூராகும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுச் சாசனங்கள் இரண்டு உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியன. 1898-இல் கல்வெட்டுத்துறையினர் அவற்றைப் படியெடுத்தனர். பின்னர் வெங்கையர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். மதிரை கொண்ட கோப்பரகேசரி என்று அச்சாசனங்கள் கூறும் பராந்தகனே தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன்வேய்ந்தவன் என்பதும், அவன் புதல்வர் கண்டராதித்தர் ஒன்பதாந் திருமுறையில் இடம்பெற்ற ஆசிரியர் என்பதும் சைவநன்மக்கள் அறிந்தனவே.

ஓரூர்ச் சபையார் இரண்டாண்டு இடைவெளியில் இரு முறை கூடி ஒரே பொருள் பற்றி விதி வகுத்தமை ஊன்றி நோக்கத்தக்கது. முதன்முறை அரசன் ஆணையால் தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருந்தான். இரண்டாம் முறை சோமாசிபெருமான் என்னும் அதிகாரி உடனிருந்தான். முதற்சாசனத்தில் வாரியத்துக்கு உரியாரின் வயது முப்பதின் மேல் அறுபதின் உட்பட்டதாக இருந்தது. இரண்டாவதில் முப்பத்தைந்தின் மேல் எழுபதின் உட்பட்டதாயிற்று. இது சிறு மாற்றமே. முதற்சாசனத்தில் ஓலை வாங்கும் முறை சுருங்கக் கூறப்பட்டிருக்க, இரண்டாவதில் அது படிப்படியாக விரித்துரைக்கப்பட்டதே பெரிய மாற்றமாகும். தீயோர் கெடவும் சிறந்தோர் ஓங்கவும் இவ்வியவஸ்தை செய்ததாகச் சபையாரே கூறுகின்றனர். தகுதியை மட்டும் வரையறுத்தல் போதாது, தெரிந்தெடுக்கும் செயலையும் வரையறுத்தல் வேண்டும் என்று அவர் கண்டனர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இனி அம்முறையைக் கூறுமாறு: ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதினர். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் இன்ன குடும்பு எனக் காட்டும் வாயோலையொடு சேர்த்துக் கட்டி, முப்பது கட்டுகளையும் ஒரு குடத்துள் இட்டனர். குடவோலை வாங்கும் நாளில் இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை நிரம்பக் கூடுதல் வேண்டும். அன்று ஊரில் இருந்த கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் சபைக்கு உள்ளே இருத்தல் வேண்டும். அவருள் முதியவர் ஒருவர் எழுந்து, மேல்நோக்கியவராய், எல்லா மக்களும் காணும்படி அக்குடத்தை எடுத்து நிற்பார். உள்ளிருப்பதன் வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டினை எடுப்பான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்குவர். அதனினின்றும் ஓர் ஓலையை அச்சிறுவனே வாங்கி மத்தியஸ்தன் கையில் கொடுப்பான்.

மத்தியஸ்தன் அவ்வோலையை எவ்வாறு ஏற்கவேண்டும் என்பதும் விதியாயிற்று. ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையிலேயே ஏற்கவேண்டும். ஏற்ற ஓலையை அவன் வாசிப்பான். அதனோடு அமையாது, உள்ளிருந்த நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாசித்தல் வேண்டும். அங்ஙனம் வாசிக்கப்பட்ட பெயரே எழுதிக்கொள்ளப்படும். முப்பது குடும்புக்கும் இவ்வாறு முப்பதின்மர் அமைவர். அவருள், முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தாரும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தாருமாகிய பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், எஞ்சியோருள் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியராவர். 360 நாள் நிரம்பியவுடன் அவர் விலகுதல் வேண்டும். இடையே குற்றம் காணப்பட்டார் அப்பொழுதே விலக்கப்படுவர்.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழுவை அடைத்தற்கு எழுந்தவை. குடத்தை உயர எடுத்து நிற்பவர் மேல்நோக்கி நிற்றலால், அவர் கண் ஓலையின்மேற் செல்லாது. பிறர் கண்ணோ குடத்தை விட்டு நீங்காது. வேறுபாடு அறியாச் சிறுவன் எடுத்தலால், எடுப்பவன் உள்ளத்தில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. இரண்டாவது குடம் வெறுங்குடமாதலால், முன்னரே இட்டுவைத்த ஓலை அதில் இருத்தல் இயலாது. விரல்கள் விரிந்திருத்தலால், இடுக்கில் மறைத்த ஓலையை மாற்றுதல் இயலாது. ஒருவன் படித்ததைப் பலரும் படித்தலால், எழுதியது ஒன்றாகப் படித்தது மற்றொன்றாதல் இயலாது. எடுப்பவன் படிப்பானல்லன், படிப்பவன் எடுப்பானல்லன். ஒருவன் கையிலேயே முழுச்செயலும் நில்லாதபடி அதனைப் பலர்க்குப் பகுத்தமை முன்னோரின் நுண்ணறிவைக் காட்டும்.

கணக்கு எழுதுவாரையும் அச்சாசனம் விடவில்லை. நேர்மையான ஈட்டமுடைய மத்தியஸ்தனே ஊர்க்கணக்கு எழுதுதல் வேண்டும். எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டித் தூயன் எனப் பெற்றாலன்றி, அவன் மீண்டும் அப்பணியிற் புகலாகாது. தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்புவித்தல் வேண்டும். வேறொருவன் புகுந்து அதனை முடித்தலாகாது. முன்னர் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாது போனவர் பெயர் குடத்தில் இடப்படுவதில்லை. அவருக்குத் தந்தை வழியிலும் தாய் வழியிலும் மணவழியிலும் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பொய்யெழுத்து இட்டவரும் சில வாரியங்களுக்கு ஆகாதவராயினர். உறவினன் குற்றத்தை உறவினன் மூடுவான் என்பதனை அறிந்தே இவ்வேலி இடப்பட்டது என்பது வெளிப்படை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் முறையாம். உத்தரமேரூர் முறையை இக்காலத்துக் குடியாட்சியோடு ஒன்றெனக் கூறுதல் உண்மைக்கு மாறாகும். அது வாக்களித்தல் அன்று, திருவுளச்சீட்டுப் போல்வது. அவ்வூர் அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம். இறையிறுக்கும் நிலம் கால்வேலிக்கு மேலுடையாரும், தம் மனையில் வீடு கட்டியிருந்தாரும், வேதக்கல்வி உடையாருமே குடத்திற் புகத்தக்கார். உழுது பயிரிட்டோரும், நெய்தோரும், மகளிரும் அதன் புறத்தே நின்றனர். இக்காலத்தில் நாகல் நகர்த் தறிநெய்வார்க்கும் அவர் மனைவியர்க்கும் உள்ள உரிமை, அக்காலத்து அவ்வூரிற் பெரும்பாலார்க்கு இல்லை. ஆதலின் பெருமை கொள்ளத்தக்கது அக்குடத்துட் புகுந்தாரின் தொகை அன்று. குடத்தைக் கையாண்டாருக்கு வகுத்த ஒழுக்கமே பெருமை கொள்ளத்தக்கது.

நம்பிமாரும் மத்தியஸ்தனும் ஊரவரால் மதிக்கப்பட்டார் அல்லரோ, அவரை இங்ஙனம் சோதித்தல் அவரை இழித்தலாகாதோ என்று சிலர் கடாவக்கூடும். இதற்குச் சித்தாந்த சைவம் தரும் விடை தெளிவானது. ஆணவமலம் அநாதியே உயிரைப் பற்றியது. செம்பிற் களிம்பு போன்ற அது, திருவருள் பதிந்து நீங்குந்துணையும் நல்லார், தீயார் என்னும் வேறுபாடின்றி எல்லா உயிர்க்கும் உண்டு. ஆகவே நல்லார் எனப் பெயர் பெற்றாரும் ஓரோவழி வழுவுதற்கு இடனுண்டு. இவன் தீயன் என்று கருதியன்று, இவனும் மலமுடைய உயிரே என்று கருதியே விதி செய்யப்படுகின்றது. அவ்விதி தீயவனைத் தடுக்கும். நல்லவனைப் பழியினின்றும் காக்கும். விரித்த கையில் ஓலையை ஏற்ற மத்தியஸ்தன்மேல் தோற்றவன் பழி கூறுதல் இயலாது. விரல் மூடியிருப்பின், அவன் எத்துணைத் தூயனாயினும் ஐயம் அவனைப் பற்றும். திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததனோடு, தெரிந்து தெளிதல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தமை இக்கருத்துப் பற்றியேயாம்.

இதற்குப் பெரியபுராணத்தினும் சிறந்த சான்று வேறில்லை. தடுத்தாட்கொண்ட புராணத்தில், புத்தூரில் மணப்பந்தரின்கண் வந்த முதிய வேதியர், நம்பியாரூரர் தமக்கு வழியடிமை என்று ஓலை காட்டினார். நம்பிகள் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையை அடைந்தது. அச்சபையார் வேதியரின் முதுமையையும் தோற்றப் பொலிவையும் கண்டு ஒருதலையாகத் தீர்ப்பளித்தாரல்லர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்றனர். கிழிந்தது படியோலை, மூலவோலை உண்டு என்றார் வேதியர். அதனையும் நம்பிகள் கிழித்துவிடாதபடி தாம் காப்பதாகச் சபையார் உறுதி கூறிய பின்னரே அவர் அதனை வெளிப்படுத்தினார். கரணத்தான் அதனை வணங்கி வாங்கி, சுருள் விரித்து, அதன் பழமையை நோக்கிச் சபையார் கேட்ப வாசித்தான். சான்றாக எழுதினவர்தம் எழுத்தும் நோக்கப்பட்டது. அதன் பின்னும், நம்பிகளுடைய பாட்டனார் கையெழுத்தைக் காப்பிலிருந்த அவருடைய வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கினர். இரண்டும் ஒத்திருந்தமை கண்ட பின்னரே தீர்ப்புக் கூறினர்.

வந்தவர் யார்? எல்லா உயிர்க்கும் உள்நின்று யாவற்றையும் அறியும் பரம்பொருளே. அவர் தாம் சொல்லியதே போதும் என்று கூறினாரல்லர். சபையின் முறைக்கு உட்பட்டு நின்றார். ஓலையைச் சோதிக்கக் கொடுத்தார். வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டு நோக்குமாறு தாமே வேண்டினார். அநபாய சோழன் அவையில் அமைச்சராக இருந்த சேக்கிழார் பெருமான், ஊர்ச்சபையும் ஆவணக்களரியும் நடக்கும் முறையை நன்கு அறிந்தவர். இறைவனே சோதனைக்கு உடன்பட்டான் என்று அவர் பாடினார் எனின், அரசியற் பணியாளர் எவரும் சோதனையை இழிவெனக் கொள்ளுதற்கு இடமேது?

விதியிருந்தும் அதனை மீறுவார் உளராயின், பலர் கண் முன்னர் நிகழும் செயலே உண்மையை மீட்கும் என்பதற்கு அண்மைக்காலத்துச் சான்று ஒன்று உண்டு. சண்டிகர் மாநகராட்சி மேயர் தேர்தல் 30-1-2024 அன்று நடந்தது. வாக்களித்தவர் முப்பத்தறுவர். எண்ணி அறிவித்த தலைமை அலுவலர், ஒருவர்க்கு 16 வாக்கும், மற்றவர்க்கு 12 வாக்கும் கிடைத்தன என்றும், எட்டுச் சீட்டுகள் செல்லாதன என்றும் கூறி, முன்னவரை வென்றவராக அறிவித்தார். அவ்வலுவலர் அம்மாமன்றத்தின் நியமன உறுப்பினர். வென்றவராக அறிவிக்கப்பட்டவருடைய கட்சியைச் சார்ந்தவர். எண்ணும் இடத்தில் வைத்திருந்த ஒளிப்படக் கருவி, அவர் சீட்டுகளின்மேல் குறியிடுதலைப் பதிந்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நீதிபதிகள் அச்சீட்டுகளை நேரில் வரவழைத்து நோக்கினர். எட்டும் செல்லத்தக்கனவே என்றும், அவை யாவும் தோற்றவராக அறிவிக்கப்பட்டவர்க்கே இடப்பட்டவை என்றும் கண்டனர். 20-2-2024 அன்று, 20 வாக்குப் பெற்ற அவரையே மேயராக அறிவித்தனர். அலுவலர்மேல் குற்றநடவடிக்கைக்கு அறிக்கை அனுப்பவும் ஆணையிட்டனர்.

இந்நிகழ்ச்சியை உத்தரமேரூர்ச் சாசனத்தோடு வைத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். ஒரு பக்கத்தைச் சார்ந்தவர் கையில் ஓலையை ஒப்புவித்தல் ஆகாது. நடுநிற்பவன் என்னும் பொருளுடைய மத்தியஸ்தன் என்ற பெயரே அதனை உணர்த்தும். சீட்டினை ஏற்பவன் கை, எழுதுகோல் பற்றிய கையாதலும் ஆகாது. விரித்த விரல் எதனையும் எழுதாது. ஒருவர் படித்ததை உடனிருந்தார் பலரும் அவ்விடத்திலேயே படித்துப் பார்த்தல் வேண்டும். அது நடந்திருப்பின், நீதிமன்றம் செய்ததனை மன்றத்தாரே அன்றே செய்திருப்பர். 1,100 ஆண்டுகளுக்கு முன் நம்பிமார் பலருடைய கண்கள் செய்த காவலை இக்காலத்தில் ஒளிப்படக் கருவியும் செய்கின்றது. ஆயினும் கருவி காட்டியதை எடுத்து வழக்காடியவர் மக்களே. காண்பார் இல்லாவிடிற் கருவியாற் பயனில்லை.

ஆதலின் நாகல் நகரிலேனும் பிறவூரிலேனும் வாக்கு எண்ணும் மேசையைச் சுற்றி நிற்கும் முகவர், அலுவலரைப் பகைவராக நோக்குதல் வேண்டா. நம்பிமார் போலத் தாமும் படித்துப் பார்த்தலே அவர் கடன். மேசைமுன் இருக்கும் அலுவலர், பிறர் கண் தம் கைமேல் இருத்தலை அவமதிப்பாகக் கொள்ளுதல் வேண்டா. அஃது அவர் நேர்மைக்குச் சான்றாய் நிற்பது. தோற்றவனும் இவ்வெண்ணிக்கை பிழையன்று என்று ஒப்பி வீடு திரும்புவானாயின், அவ்வூரில் பகை வளராது; அடுத்த நாட் காலையில் ஏரிக்கும் தெருவுக்கும் நீருக்கும் உரிய காரியங்களை இரு பக்கத்தாரும் கூடிச் செய்தல் இயலும். அவ்வுடன்பாட்டை நாடியே உத்தரமேரூர் முன்னோர் தம் விதியைச் சந்திராதித்தர் உள்ளளவும் நிற்கவெனக் கோயிற் கல்லில் வெட்டினர்.

இதுகாறும் கூறியவாற்றால், ஊராட்சிக்குத் தகுதியுடையாரைத் தேடுதல் பாதியும், தேடுவார் கையைத் திறந்து வைத்தல் பாதியுமாம் என்பதும், இறைவனே உடன்பட்ட சோதனைக்கு மனிதர் நாணுதல் தகாது என்பதும் இனிது விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.